மனையின் வகைப்பாடு மாறப்போகிறது: இப்போதே கட்டுவதா, ஆட்சேபனை போடுவதா, விற்றுவிடுவதா?

வேலூரில் காட்பாடி பக்கமோ, பாகாயம், அரியூர் பக்கமோ சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மனை வாங்கிப் போட்டவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நான் வாங்கும்போது குடியிருப்புப் பகுதி என்றுதான் சொன்னார்கள், இப்போது மாஸ்டர் பிளானை மாற்றினால் என் இடம் வேறு கலரில் போய்விடும் என்கிறார்கள், அப்படியானால் வீடு கட்டும் உரிமை போய்விடுமா, இல்லை வாங்கிய நாளிலேயே அது எனக்கு வந்துவிட்டதா?"

மாஸ்டர் பிளான் என்பது எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று ஊரை வகை பிரிக்கும் திட்டம், ஒவ்வொரு வகைக்கும் வரைபடத்தில் ஒரு கலர். கேட்கிறவர்களில் பலர் வாழ்நாள் சேமிப்பை அந்த இடத்தில் போட்டவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாங்கிய நாளில் அந்த உரிமை வரவில்லை. பத்திரம் இடத்தை உங்களுடையதாக்குகிறது, பட்டா அதை வருவாய்த்துறைப் பதிவில் காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே என்ன கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம் என்பதில் மாற்ற முடியாத பிடி உங்களுக்கு வருவது இரண்டு இடத்தில்: கையில் இருக்கும் திட்ட அனுமதி உத்தரவு, அந்த உத்தரவின்படி தரையில் எழும்பியிருக்கும் வேலை. இந்த இரண்டில் உங்களிடம் எது இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய வேண்டும், பக்கத்து மனைக்காரர் என்ன செய்கிறார் என்பதை வைத்து அல்ல.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. நமக்கு அடிப்படை 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 47-வது பிரிவுப்படி ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால் அதற்கு மாறாக யாரும் நிலத்தைப் பயன்படுத்தவோ கட்டவோ முடியாது. 49-வது பிரிவில்தான் அனுமதிக்கு விண்ணப்பம். 54-வது பிரிவுதான் இந்தக் கட்டுரைக்கே உயிர், அதற்குப் பிறகு வருகிறேன்.

விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும்போது விதி மாறினால் என்ன ஆகும்? இதில் நம் மாநிலத்து வழக்கே வழிகாட்டியாக இருக்கிறது. கருங்கல் குவாரி குத்தகை தனியாருக்குக் கிடையாது, அரசு நிறுவனத்துக்குத்தான் என்று தமிழ்நாடு அரசு 1977-ல் விதியைத் திருத்தியது. அதற்கு முன்பே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள், எங்கள் விண்ணப்பத்தைப் பழைய விதிப்படிதான் பார்க்க வேண்டும் என்று போனார்கள். ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்று பெயர், 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: விண்ணப்பத்தை முடிவு செய்யும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதுதான் பொருந்தும், பழைய விதிப்படியே தீர்மானிக்கச் சொல்லும் உரிமை விண்ணப்பதாரருக்கு இல்லை.

அது குவாரி, கட்டிடத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். 2003-ல் ஹவுரா மாநகராட்சி, கேஞ்சஸ் ரோப் கம்பெனி வழக்கில் கட்டிடத்துக்கும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கம்பெனி கூடுதல் மாடிகளுக்கு விண்ணப்பித்திருந்தது, குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று உயர் நீதிமன்ற உத்தரவுகூட வாங்கியிருந்தது, ஆனாலும் நடுவில் உயரக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் அனுமதி கிடைக்கவில்லை. விண்ணப்பம் போட்டதால் ஓர் எதிர்பார்ப்பு வந்திருக்கலாம், அது உரிமையாகிவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, இதைத்தான் நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை. கர்நாடகாவில் ஒரு குடும்பத்தின் நிலம் குடியிருப்புப் பகுதியில் இருந்தது. புதிய திட்டத்தில் அதை மாற்றப்போகிறோம் என்று காரணம் காட்டி அனுமதி மறுத்தார்கள். 2006-ல் டி. விஜயலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாற்றப்போகிறோம் என்ற நிலையில் இருக்கும் வரைவை வைத்து, நடைமுறையில் இருக்கும் திட்டம் தரும் உரிமையைப் பறிக்க முடியாது, தெளிவான சட்டப்பிரிவு இருந்தால்தான் முடியும் என்றது.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். வரைவு வெளியான நாளுக்கும் அது இறுதியாகி நடைமுறைக்கு வரும் நாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பழைய விதிதான் சட்டம். அதற்குள் உத்தரவு கைக்கு வந்துவிட்டால் நீங்கள் ஒரு கரையில், வராமல் விண்ணப்ப எண் மட்டும் இருந்தால் வேறொரு கரையில். "அப்ளிகேஷன் போட்டாச்சு சார், இனி ஒன்றும் பண்ண முடியாது" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள், அந்த ரசீதுக்கு அவ்வளவு பலம் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்கள் சொல்வது அங்கே சரியாகவே இருக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில் முழுமையான கட்டிட விண்ணப்பம் கொடுத்த நாளின் விதியே அந்தக் கட்டிடத்துக்குப் பொருந்தும். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை, 1976-ன் ஆவ்கோ தீர்ப்புப்படி பெர்மிட்டும் வேண்டும், அதை நம்பிக் கணிசமான வேலையும் செய்திருக்க வேண்டும். நம் நிலைமை கலிஃபோர்னியாவுக்குத்தான் கொஞ்சம் கிட்டே. வாஷிங்டன் கணக்கைக் காட்பாடியில் போட்டால் நஷ்டம்தான் வரும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறது, வேலை ஆரம்பிக்கவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் 54-வது பிரிவு. புதிய திட்டத்தைக் கருதி, கொடுத்த அனுமதியை ரத்து செய்யவோ மாற்றவோ, அனுமதி தரும் அமைப்பான திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்களைக் கேட்காமல் செய்ய முடியாது. அதைவிட முக்கியம், கட்டுமானம் கணிசமாக முன்னேறிய பிறகு அப்படி ஓர் உத்தரவே போட முடியாது, ஏற்கெனவே கட்டி முடித்த பகுதியையும் அந்த உத்தரவு தொடாது. நில உபயோகத்தை மாற்ற வாங்கிய அனுமதி என்றால், மாற்றம் நடந்துவிட்ட பிறகு ரத்து கிடையாது. நடுவில் ரத்து செய்தால், அனுமதியை நம்பி நீங்கள் செய்து வீணாகிப்போன செலவுக்கு இழப்பீடு கேட்கலாம். செலவுக்கு என்கிறேன், மனை விலை இறங்கியதற்கு அல்ல, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரத்து உத்தரவு வந்தால் 79-வது பிரிவில் மேல்முறையீடும் இருக்கிறது.

அதனால் கையில் உத்தரவு இருப்பவருக்கு என் யோசனை ஒன்றே ஒன்று: கட்டுங்கள். பையன் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம், கம்பி விலை இறங்கட்டும் என்று தள்ளிப்போடுவதற்கு இது நேரம் இல்லை. பணம் முழுதாக இல்லாவிட்டாலும் அஸ்திவாரம், பெல்ட், தூண் என்று ஆரம்பித்து ஒரு தளத்துக்காவது கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். ஓரமாக நாலு குழி தோண்டி வைத்துவிட்டு "வேலை நடக்கிறது" என்பது கணிசமான முன்னேற்றம் ஆகாது. ஆதாரமும் சேர்த்து வைக்க வேண்டும்: வேலை தொடங்குவதைத் தெரிவித்த கடிதத்தின் நகல், சிமென்ட், கம்பி வாங்கிய பில், தற்காலிக மின் இணைப்பின் ரசீது, தேதியோடு எடுத்த போட்டோ. நாளைக்கு விசாரணை என்று வந்தால் பேசப்போவது இந்தக் காகிதங்கள்தான்.

அதோடு, அனுமதிக்கு ஆயுள் உண்டு. தொடக்கத்தில் 3 ஆண்டு என்று இருந்தது, பிறகு திருத்தங்களில் நீட்டப்பட்டது. யாரோ சொன்ன கணக்கை விட்டுவிட்டு உங்கள் உத்தரவில் என்ன தேதி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். காலாவதியானபின் புதிதாக விண்ணப்பித்தால் புதிய விதிதான், பழைய அனுமதியைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. இன்னொன்று, பாதுகாப்பு இருப்பது அனுமதித்த வரைபடத்தில் உள்ளபடி கட்டியதற்குத்தான். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விழுங்கி, மேலே கூடுதலாக ஒரு மாடி ஏற்றிவிட்டு "பழைய அனுமதி இருக்கிறதே" என்றால் அந்தக் கூடுதல் பகுதி எந்தக் காலத்திலும் அனுமதியில்லாத கட்டிடம்தான். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதித்த வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் வேலை முடியும்வரை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. இதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள். சரியாகக் கட்டுகிறவருக்கு இது நல்ல சாட்சி.

அனுமதி இல்லை, வெறும் மனை மட்டும் இருக்கிறது, வரைவில் கலர் மாறுகிறது என்று தெரிந்துவிட்டது. இவர்களுக்குத்தான் உண்மையான தேர்வு, இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

முதல் வழி, உடனே விண்ணப்பித்து அனுமதி வாங்கிக் கட்டிவிடுவது. சின்ன வீட்டுக்காரர்களுக்கு இப்போது இதில் பெரிய வசதி வந்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடியாக அனுமதி வாங்கலாம். இதன் பலன் பலருக்குப் புரிவதில்லை. விண்ணப்பத்துக்கும் உத்தரவுக்கும் நடுவில் விதி மாறிவிடும் என்பதுதானே ஹவுரா வழக்கில் வந்த ஆபத்து? நடுவில் நாளே இல்லை என்றால் அந்த ஆபத்தும் இல்லை. ஆனால் சுயசான்றில் எழுதித் தருவது முழுக்க உண்மையாக இருக்க வேண்டும். மனைக்கு அங்கீகாரமோ, வரன்முறையோ (அங்கீகாரமில்லாத மனையைப் பின்னால் முறைப்படுத்துவது) இருக்க வேண்டும், இல்லாததை இருப்பதாகச் சொல்லி வாங்கிய அனுமதி ரத்தாகிவிடும்.

வரன்முறை என்றதும் சொல்ல வேண்டியது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை நிறுத்தியது நினைவிருக்கும், அதன் பிறகு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனையான மனைகளுக்குத்தான் அந்த வழி. உங்கள் மனை அந்த வகையில் இருந்து இன்னும் வரன்முறை ஆகவில்லை என்றால், மாஸ்டர் பிளானில் என்ன கலர் என்று கவலைப்படுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யப் பாருங்கள்.

அடுக்குமாடி, கல்யாண மண்டபம், மருத்துவமனை என்று பெரிய கட்டிடம் கட்ட நினைப்பவருக்கு இந்த முதல் வழி அவ்வளவு பாதுகாப்பு இல்லை. பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நாள் ஆகும், அந்த நாட்களில் திட்டம் இறுதியாகிவிட்டால் கட்டணமும் வரைபடச் செலவும் போனதுதான். இதுபோக 49-வது பிரிவில் அனுமதி கொடுக்கும்போது பகுதியின் எதிர்கால வளர்ச்சியையும் கருத வேண்டும் என்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு அதிகாரி தாமதிக்க இடம் உண்டு. அவசர அவசரமாகக் கடன் வாங்கி, தேவையில்லாத அளவில் கட்டி, "உரிமையைக் காப்பாற்றினேன்" என்று வட்டி கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு அந்தக் கட்டிடம் உண்மையிலேயே தேவையா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

இரண்டாவது வழி ஆட்சேபனை. சட்டப்படி வரைவை அறிவித்த பிறகு ஆட்சேபனைக்கும் யோசனைக்கும் குறைந்தது 2 மாதம் கொடுக்க வேண்டும். செலவே இல்லாத வழி, ஆனால் நம் மக்கள் அதிகம் வீணடிப்பதும் இதைத்தான். நாளிதழில் ஒரு மூலையில் வரும் அறிவிப்பை யாரும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் "நாம் சொன்னால் கேட்கவா போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்பார்கள், எழுதும் விதத்தில் எழுதினால். "என் இடம் பாதிக்கப்படுகிறது, கருணை காட்டுங்கள்" என்று எழுதினால் வேலைக்காகாது. புல எண், உட்பிரிவு எண், எஃப்எம்பி எனும் புல அளவை வரைபடம், சுற்றியிருக்கும் வீடுகள் எந்த அனுமதியில் எந்த ஆண்டு வந்தன, அங்கே சாலையும் குடிநீரும் ஏற்கெனவே இருக்கிறதா, இதையெல்லாம் வைத்து "இந்தத் தெரு குடியிருப்பாகவே இருக்கிறது, வரைவில் இருப்பது தரையில் இல்லை" என்று காட்ட வேண்டும். தெருவே சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பதைவிட ஒவ்வொருவரும் தன் புல எண்ணோடு தனித்தனியாகக் கொடுத்து, தபால் ரசீதையும் வைத்துக்கொள்வது நல்லது. முதல் வழியில் போகிறவரும் இதைச் சேர்த்தே செய்யலாம், ஒன்று இன்னொன்றுக்குத் தடை இல்லை.

திட்டம் இறுதியான பிறகும் கதவு முழுக்க மூடிவிடாது, 32-வது பிரிவில் நில உபயோக மாற்றம் கேட்கலாம். ஆனால் அது உங்கள் உரிமை கிடையாது, அரசின் முடிவு. கட்டணம், காலம், அலைச்சல் எல்லாம் உண்டு. வரைவு நிலையில் ஒரு மனுவில் முடியக்கூடியதை அங்கே கொண்டுபோய் விடாதீர்கள்.

பூங்கா, சாலை, பள்ளி என்று பொதுப் பயன்பாட்டுக்கு மனை ஒதுக்கப்பட்டவர்கள் நிலை வேறு. கலர் மாறுவதைவிட இது மோசம், ஏனென்றால் வாங்க ஆள் வரமாட்டார்கள், கட்டவும் முடியாது. ஆனால் இவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 38-வது பிரிவுப்படி, அறிவிப்பு வெளியாகி 3 ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பும் வராமல், பேசி வாங்கவும் செய்யாமல் விட்டால் அந்த ஒதுக்கீடு நீங்கியதாகக் கருதப்படும். இது தெரியாமல் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருப்பதே இவர்களில் பலருக்குச் சரியான வழி, 3 ஆண்டு முடிந்ததும் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

மூன்றாவது வழி, மாற்றத்தை ஏற்றுக்கொண்டு புதிய விதிக்காகக் காத்திருப்பது. எல்லா மாற்றமும் கெடுதல் என்று ஆரம்பத்திலேயே முடிவுகட்டிவிடுகிறோம், அது தவறு. 2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வந்தபோது சாதாரணக் கட்டிடங்களுக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2-க்கு ஏறியது. அதே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம் என்று அர்த்தம். அவசரப்பட்டுப் பழைய விதியில் கட்டி முடித்தவருக்கு அது கிடைத்திருக்காது. குடியிருப்பிலிருந்து வணிகப் பகுதிக்கு மாறினால் வீடு கட்டவும் தடை வராது, கடையும் கட்டலாம், விலையும் ஏறும். பயப்பட வேண்டியது விவசாயம், தொழிற்சாலை, திறந்தவெளி ஆகிய வகைகளுக்கு மாறும்போதுதான். ஆகவே முதலில் எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேருக்குப் பதற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வேலூரில் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர் பிளானில் குடியிருப்பு என்றே இருந்தாலும் வேறு சட்டம் குறுக்கே நிற்கலாம். தொல்லியல் துறை பாதுகாக்கும் கோட்டையைச் சுற்றிப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டிடத்துக்கு இடமே இல்லை, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான். 2010-ல் இது சட்டத்திலேயே இறுகிவிட்டது. 100 மீட்டருக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே வீடு வைத்திருப்பவர் அனுமதி கேட்டுப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம், இடித்துவிட்டு நாலு மாடி எழுப்ப முடியாது. அதாவது அங்கே உரிமை இருப்பது நிற்கிற கட்டிடத்துக்குத்தான். அப்படி ஒரு வீட்டை வைத்திருப்பவர் ஆத்திரத்தில் இடித்துவிட வேண்டாம், இடித்த நாளில் கையில் இருந்ததும் போய்விடும்.

பாலாற்றங்கரையில் இதைவிடக் கடுமையான பாடம் நடந்திருக்கிறது. ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தோல் பதனிடுதல் போன்ற தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்று 1989-ல் அரசாணை 213 வந்தது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது மட்டுமில்லாமல், அந்த எல்லைக்குள் ஏற்கெனவே இயங்கும் ஆலைகளையும் ஆய்வு செய்து இடம் மாற்றச் சொல்லலாம் என்றது. மாசு, தண்ணீர் என்று வரும்போது "நான் முன்பே இருக்கிறேன்" என்ற வாதம்கூட நிற்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கிணறுகள் என்ன ஆயின என்று பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஏரி, ஓடைப் புறம்போக்கை ஒட்டி மனை வாங்கியவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வரைவு வெளியான சமயத்தில் விலை கலங்கியிருக்கும், வாங்க வருபவர் பெரும்பாலும் உங்களைவிடத் தகவல் தெரிந்தவர். வெளியூரில் இருக்கிறீர்கள், கட்டப்போவதில்லை, வகைப்பாடும் கெடுதலாகத்தான் மாறுகிறது என்றால் விற்கலாம். ஆனால் வரைவு இருப்பதைச் சொல்லி விற்க வேண்டும். மறைத்து விற்றால் வழக்கு வரும் என்பது ஒரு பக்கம், உங்களைப் போலவே சேமித்து வாங்குகிற இன்னொரு குடும்பத்தின் தலையில் அதைக் கட்டுவது எந்த விதத்திலும் சரியில்லை.

நீதிமன்றம் எப்போது? உத்தரவு கையில் இருந்து, வேலை பாதிக்கு மேல் நடந்து, அப்போது ரத்து நோட்டீஸ் வந்தால் தயங்காமல் போங்கள், உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. வரைவைக் காட்டி மட்டுமே அனுமதி மறுத்தாலும் போகலாம், அதுவும் சீக்கிரம் போக வேண்டும், வழக்கு நடக்கும்போதே திட்டம் இறுதியாகிவிட்டால் விஜயலட்சுமி தீர்ப்பு தந்த பலம் குறைந்துவிடும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது புதிய விதி நடைமுறைக்கே வந்துவிட்டது, பழையபடி கொடுக்கச் சொல்லுங்கள் என்று போவது மட்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் புதிய விதிப்படி ஒரு வரைபடம் போட்டுவிடலாம்.

இதில் எந்த வழி என்று யோசிப்பதற்கு முன் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள்: உங்கள் புல எண்ணுக்கு இன்றைய நில உபயோகம் என்ன, வரைவு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, இருந்தால் ஆட்சேபனைக்குக் கடைசி நாள் எது, இந்த மூன்றையும் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கிடைக்கும் பதிலை வைத்து லட்சக்கணக்கில் முடிவெடுக்க வேண்டாம். பதில் தராமல் இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஆட்சேபனைக்கான 2 மாதத்தில் அந்த 30 நாள் போய்விடும் என்பதால் அதற்காகவும் காத்திருக்காமல் ஆட்சேபனையை முதலில் கொடுத்துவிட்டு, பதில் வந்ததும் கூடுதல் மனுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.